2.26 கோடியில் தருமபுரி எங்கே?

ஓபியாய்டு போதை பத்தி இந்தியாவில் யார் எழுதினாலும் கடைசியில் ஒரே அறிக்கையில்தான் வந்து நிற்பார்கள். சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வு அது. 186 மாவட்டங்கள், 2 லட்சம் வீடுகள், 4.7 லட்சம் பேர். பெரிய உழைப்பு, மறுப்பதற்கில்லை. ஆனா அதை நாம படிக்கிற விதத்துல மூணு கோளாறு இருக்கு.

முதலாவது, பிரபலமான எண்ணான 2.26 கோடி. அது முந்தைய ஓராண்டில் அபின், ஹெராயின், வலி மாத்திரை என ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியவர்களின் கணக்கு. எல்லோரும் அடிமைகள் இல்லை. உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம். செய்திகளில் இந்த இரண்டும் ஒண்ணாக் குழம்பிடுது.

இரண்டாவது, வீடு வீடாகக் கேட்கும் கணக்கெடுப்பு. தருமபுரி இளைஞர் பலர் வேலைக்குப் பெங்களூரு, ஓசூர், திருப்பூர்னு போயிடறாங்க. கட்டட வேலை நடக்குற இடத்திலேயே படுப்பவர் எந்த வீட்டுக் கணக்கில் வருவார்? போதை பயன்படுத்துவோர் வழியாகவே மற்றவர்களைத் தேடும் தனி ஆய்வும் சேர்த்துதான் நடத்தினார்கள். ஆனாலும் முடிவுகள் மாநில அளவோடு நின்றுவிடுகின்றன. மாவட்டத்தில் திட்டம் போடுபவருக்கு அது போதாது.

மூன்றாவதுதான் முக்கியம். சட்டவிரோதப் போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் 20 பேருக்கு ஒருவர்தான் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றிருக்கிறார் என்கிறது அறிக்கை. உடனே 'படுக்கைகளைக் கூட்டு' என்று முடிவு கட்டுகிறோம். ஓபியாய்டு விஷயத்தில் அது ஆபத்தான அவசரம். சில வாரம் உள்ளே வைத்து நிறுத்தினால் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று சாவு. 'மறுவாழ்வு முடிஞ்சுது'ன்னு வீட்டுக்கு அனுப்புற அந்த முதல் சில வாரம்தான் உயிருக்கு மிக ஆபத்தான காலம்.

இதற்கு மருந்து இருக்கு. நாக்குக்கு அடியில் வைக்கும் பியூப்ரெனார்ஃபின், 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. ஏக்கத்தை அடக்கும், ஓர் அளவுக்கு மேல் மூச்சை அமுக்காது. ஆனால் அனுமதி பெற்ற மையங்களில்தான் தருவார்கள், மாதக்கணக்கில் தொடர வேண்டும், தொடக்கத்தில் பெரும்பாலும் தினமும் போக வேண்டும். சித்தேரி மலையிலிருந்து அரூர் இறங்கி தருமபுரி வரும் கூலித்தொழிலாளிக்கு அது தினமும் ஒரு நாள் சம்பளம். 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?' என்று கேட்பவர்கள், சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை எப்போ நிறுத்துவே என்று கேட்பதில்லை.

போலீஸ் பயமும் ஒரு தடை. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ உட்கொண்டதற்காகவோ வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு தருகிறது. உறுதிமொழிக் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

அடுத்த கணக்கெடுப்பில் 'எத்தனை பேர்' என்பதோடு இன்னொரு கேள்வியும் வேணும்: மருந்து தரும் இடத்துக்கு எத்தனை பஸ் மாறணும்?