ஹான்லேயின் செவ்வொளி

ஆரணியில் பட்டின் நிறத்தை அறிய விரும்புகிறவர் கடைவிளக்கை நம்புவதில்லை. புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் விரித்து, சற்றே சாய்த்துப் பிடித்து, பாவின் நிறம் எங்கே மறைந்து ஊடையின் நிறம் எங்கே எழுகிறதென்று பார்த்த பிறகே விலை பேசுவார். அவ்வாறு பழகிய கண்ணுக்கு, பச்சையும் ஊதாவும் பொங்கி வழியும் நார்வே தேசத்துத் துருவ ஒளிப் படங்களைக் காட்டிலும், 2024 மே மாதம் 10, 11 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் லடாக்கின் ஹான்லேயில் எடுக்கப்பட்ட, வடதிசை அடிவானத்தில் செம்மை ஒன்றே படர்ந்திருக்கும் சித்திரங்கள்தாம் அதிக சோபையுடையனவாகத் தோன்றுகின்றன.

ஏறக்குறைய 4,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஹான்லே வானாய்வகத்தை நடத்துவது, ஆரணிக்கு மேற்கே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனமேயாகும். 2003-க்குப் பின் வந்தவற்றுள் மிகக் கடுமையான காந்தப் புயல் அந்த இரவில் பூமியைத் தாக்கிற்று. அத்தகைய புயலின்போது, 200 கிலோமீட்டருக்கும் மேலே பிராணவாயுவின் அணுக்கள் சிந்தும் செவ்வொளியே அவ்வளவு தெற்கே எட்டுவது; கீழே 100 கிலோமீட்டரளவில் பச்சை தவழ்ந்தாலும் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும்.

இந்தச் செம்மையின் லட்சணம் விசேஷமானது. கிளர்ச்சியுற்ற அணு இவ்வொளியை வெளியிட ஏறத்தாழ இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்வதால், ஓரம் கூர்மையின்றி, சாயம் நீரில் பரவினாற்போல் மெல்லக் கரைகிறது. ஆகவே முக்காலியில் நிறுத்திய காமிராவை 15, 20 விநாடிகள் திறந்து வைத்தாலும் அதன் அழகு குலையாது; ஒரு விநாடிக்குள் வெளிப்பட்டுத் துடிக்கும் பச்சைத் திரைகளோ அத்தனை நேரத்தில் குழம்பிப்போகும். கைப்பேசியின் இரவுப்பதிவு முறை பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால், மங்கலான செம்மைக்கு அதுவும் போதும். ஆனால் அதையும் அசையாமல் நிறுத்த வேண்டும், குவியத்தைப் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தில் கையாலேயே பொருத்த வேண்டும், வெண்மைச் சமநிலையைக் கருவியின் விருப்பத்திற்கு விடலாகாது.

கண்ணுக்குத் தெரியாததைக் காமிரா காட்டுவது பொய்யல்லவா என்று கேட்பவர் உண்டு. அல்ல, இருளில் நம் விழியில் வேலைசெய்யும் உணர்வணுக்கள் நிறமறியாதவை, அதிலும் சிவப்பொளியை மிகக் குறைவாகவே உணர்பவை. பொய் பிற்பாடு திரையில் நிறத்தை ஏற்றும்போது பிறக்கிறது. நட்சத்திரங்கள் தத்தம் வெண்மையும் நீலமும் இழந்து சிவந்திருந்தால், மலைமுகட்டின் கருமையிலும் அரக்குநிறம் ஏறியிருந்தால், அந்தப் படத்தை நான் நல்ல படமென்று ஒப்பமாட்டேன்.

வடதேசங்களில் குடியேறிய நம் பிள்ளைகள் இத்தகைய ஒளியைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பும்போது, நிறம் ஏற்றிய பிரதியோடு, கைப்படாத மூலப்பிரதியையும் சேர்த்து அனுப்ப வேண்டுகிறேன்.