நாகப்பட்டினத்துப் புத்தர்கள்

வியாபாரத்தின் பொருட்டுக் கடல் கடந்து வந்து, அந்நிய மண்ணில் சிறு கூட்டமாக வாழ நேர்ந்தவர்களுக்குத் தங்கள் வழிபாட்டை விடாது நடத்த ஓர் இடம் கிடைப்பதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. அப்படிக் கடலுக்கு அப்பாலிருந்த ஸ்ரீவிஜய நாட்டின் மன்னன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் தொடங்கி, அவன் குமாரன் மாறவிஜயோத்துங்கவர்மன் பூர்த்தி செய்த பௌத்த விகாரத்துக்கு, பரம சைவனாகிய ராஜராஜ சோழன் 1006-ஆம் ஆண்டையொட்டி ஆனைமங்கலம் கிராமத்தைத் தானமளித்ததை, சோழர் சாசனங்களாகிய லெய்டன் செப்பேடுகள் விஸ்தாரமாகப் பேசுகின்றன.

விகாரம் அழிந்தது, ஆனால் 1856 முதல் 1930-கள் வரை நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து 350-க்கும் அதிகமான பௌத்தப் படிமங்கள் வெளிப்பட்டன. மெழுகில் உருவம் சமைத்து, அதன்மேல் களிமண் பூசி, சூட்டில் மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து இவை செய்யப்பட்டன; இம்முறையில் ஒவ்வொரு படிமத்துக்கும் மெழுகுரு புதிதாகவே பிறக்க வேண்டியிருப்பதால், ஒன்று போல் மற்றொன்று அமைவதில்லை. நின்ற திருக்கோலத்துப் புத்தர் ஒருவரைக் கிட்டே சென்று பாருங்கள்: வலக்கரம் அபயமளிக்க, உடலோடு ஒட்டிய சீவரம் விளிம்பில் மட்டும் மெல்ல விரிய, சுருள்முடியின் உச்சியில் ஞானத்தின் சின்னமாக ஒரு சுடர் கிளர்ந்தெழுகிறது. சில பீடங்களில் தமிழெழுத்துகளும் உண்டு.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் நடராஜரைத் தரிசித்த கையோடு, சிறிய விக்கிரகங்கள்தாமே என்று அங்குள்ள இந்தப் புத்தர்களைக் கடந்து செல்பவர், சோழநாட்டுச் சிற்பக்கலையின் பாதியைப் பாராமலே வீடு திரும்புகிறார்.