ஏடனும் முடிச்சூரும்

சார்லஸ் டிக்கன்ஸின் ‘மார்ட்டின் சஸில்விட்’ நாவலை அவருடைய சிறந்த படைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 1843-44-ல் மாதாமாதம் பகுதி பகுதியாக வெளிவந்த கதை. நீளம் அதிகம், பிடி தளர்ந்த இடங்களும் அதிகம். ஆனாலும் அதில் ‘ஏடன்’ என்கிற ஊரைப் பற்றி வருகிற பகுதியை, தாம்பரத்துக்கு அப்பால் ஒரு மனையாவது வாங்கியிருக்கிற எவரும் படித்துப் பார்க்க வேண்டும்.

இளைஞன் மார்ட்டின் பிழைப்புத் தேடி அமெரிக்கா போகிறான். மேற்கே காட்டு நிலத்தைக் கூறு போட்டு விற்கிற காலம் அது. தரகனுடைய ஆபீஸ் சுவரில் ஏடன் நகரத்தின் படம் தொங்குகிறது. பாங்கு, மாதா கோயில், தொழிற்சாலை, படகுத்துறை எல்லாம் அதில் இருக்கின்றன. கட்டடக் கலை பயின்ற மார்ட்டினுக்கு ஒரே கவலைதான்: எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டார்களோ, தனக்கு வேலை மிச்சமில்லையோ! தன் பணத்தோடு, துணைக்கு வந்த மார்க் டாப்லியின் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கிறான். படகில் போய் இறங்கினால் சேறும், சில மரக் குடிசைகளும், விஷக் காய்ச்சலுந்தான். 1842-ல் டிக்கன்ஸ் பார்த்த கெய்ரோ என்ற ஆற்றங்கரை ஊர்தான் இதற்கு மூலம் என்பார்கள்.

தரகன் விற்க மனமில்லாதவன்போல் நடந்துகொள்கிறான். மீதிப் பொய்யை மார்ட்டினின் ஆசையே சொல்லிவிடுகிறது. டிக்கன்ஸ் இதைக் கண்டுகொண்டதுதான் பெரிய விஷயம்.

1931-ல் மின்சார ரயில் வந்தபோதே தாம்பரத்தைச் சுற்றி நம்முடைய ‘மேற்கு’ ஆரம்பித்துவிட்டது என்று சொல்லலாம். வயலில் கல் நட்டு, வளைவு கட்டி, ‘நகர்’ என்று பெயர் வைத்தால் ஊர் ஆகிவிடும். பூங்கா காகிதத்தில் இருக்கும். முடிச்சூர்ப் பக்கம் நானும் அரை கிரவுண்டு வாங்கினேன். ‘ரயிலடிக்குப் பத்து நிமிஷம்’ என்றார் விற்றவர். கோடையில்தான் மனையைக் காட்டினார். மழைக் காலத்தில் எப்படி என்று நான் கேட்கவில்லை, கேட்க விரும்பவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிற்று. மாடிப் படியில் உட்கார்ந்து என் புத்தகங்கள் மிதப்பதைப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

டிக்கன்ஸ் தவறுகிற இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. மார்ட்டின் காய்ச்சலில் கிடந்து, தன் சுயநலத்தை உணர்ந்து, இங்கிலாந்துக்குத் திரும்பிவிடுகிறான். ஏடனில் அண்டை வீட்டிலிருந்தவர்களைக்கூடக் கடைசியில் லண்டன் தெருவில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார் ஆசிரியர். நாங்கள் எங்கே திரும்புவது? சேற்றை வாரிக் கொட்டிவிட்டு அங்கேயே இருக்கிறோம்.

2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தது. 2017-ல் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த அரசாங்கம் விதிகள் செய்தது. காகிதம் சரியாயிற்று, பள்ளம் பள்ளமாகவே இருந்தது. மறுபடியும் மனை பார்க்க ஜனங்கள் வந்தார்கள். எதிர் மனையைப் பார்க்க வந்த ஓர் இளம் தம்பதி என் வாசலில் நின்று, ‘இங்கே தண்ணீர் வருமா, சார்?’ என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் என் வீட்டின் விலையும் சேர்ந்து இறங்கும்.

‘ஏதோ ஒரு வருஷம்’ என்றேன்.

ஏடனில் தங்கிப்போகிறவன் ஒரு நாள் தானே தரகனாகிவிடுகிறான் என்பதை டிக்கன்ஸ் எழுதவில்லை. தமிழிலாவது யாரேனும் எழுத வேண்டும். விஷயம் தெரிந்த நானே எழுதலாம். அந்த ஒரு வரிக்கு அப்பால் பேனா நகர மாட்டேன் என்கிறது.