பழைய போன், பழைய டிஷ்: எதிரொலி எங்கே போச்சு?

பழைய டெலிபோன்களையும் காலாவதியான செயற்கைக்கோள் கருவிகளையும் சேர்த்து இயக்கிப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு. கறுப்பு நிற சுழல் டயல் போனில் எண்ணைச் சுற்றினால் அழைப்பு விண்வெளி வழியே போகும். பார்க்க ஜோராத்தான் இருக்கு. ஆனால் நான் பார்த்த பல முயற்சிகளில் போனின் உள்ளுறுப்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஒரு ப்ளூடூத் போர்டைச் சொருகியிருக்கிறார்கள். என் விமர்சனம் அதன் மேல்தான்.

மயிலாடியில் கல் கொத்துகிற ஊர்க்காரனுக்கு, சிலையைச் சரிசெய்வதற்கும் உடைந்த இடத்தில் சிமெண்ட் பூசுவதற்கும் வித்தியாசம் தெரியும். இது சிமெண்ட் வேலை.

ஏன்னு சொல்றேன். வீட்டுக்கு வரும் டெலிபோன் கம்பி ரெண்டே ரெண்டு. பேசுவதும் கேட்பதும் அந்த ஒரே ஜோடியில். செயற்கைக்கோள் இணைப்பிலோ போவதற்கு ஒரு வழி, வருவதற்கு வேறு வழி. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் ‘ஹைப்ரிட்’ என்ற சுற்று இருக்கும். அது ஒருபோதும் முழுசாகச் சமன் ஆகாது. வந்த குரலில் கொஞ்சம் கசிந்து, பேசியவருக்கே திரும்பிப் போகும்.

உள்ளூர் அழைப்பில் அந்தக் கசிவு உடனே திரும்பிவிடுவதால் காதுக்குத் தெரியாது. புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பது 35,786 கிலோமீட்டர் உயரத்தில். குரல் மேலே ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். அது திரும்பி வர இன்னொரு கால் நொடி. ஆக, நாம் சொன்னது அரை நொடி கழித்து நம் காதிலேயே விழும்.

1965-இல் 240 டெலிபோன் சுற்றுகளோடு ‘ஏர்லி பேர்ட்’ பறந்தபோது இது பெரிய தலைவலி. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்த மன் மோகன் சோந்தி, பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லியோடு சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார். எதிரொலி எப்படி வரும் என்பதைக் கருவியே கற்றுக்கொண்டு, அதைக் கழித்துவிடும். இன்று நம் வீடியோ அழைப்புகளிலும் அதே யோசனைதான் வேலை செய்கிறது. ஆனால் கழிக்க முடிந்தது எதிரொலியைத்தான், தாமதத்தை இல்லை.

இந்தியாவுக்கு 1971-இல் புனே அருகே ஆர்வி நிலையம் வந்தது. 1977 முதல் 1979 வரை ‘சிம்பொனி’ செயற்கைக்கோள் வழியே டெலிபோன் பரிசோதனைகள் நடந்தன, சென்னையும் அதில் ஒரு முனை. வளைகுடா நாடுகளுக்கு ஆட்களை அனுப்பிய வீடுகள் எங்கள் மாவட்டத்தில் ஏராளம். எஸ்.டி.டி. பூத் காலத்தில், செயற்கைக்கோள் வழி கிடைத்த அழைப்பில் "கேக்குதா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கணும். பதில் அரை நொடி பிந்தினால், எதிரில் இருப்பவர் தயங்குகிறார் என்றே மனசு எடுத்துக்கொள்ளும். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். மீட்டர் மட்டும் நிற்காமல் ஓடும். பிரிந்திருந்த குடும்பங்களின் அனுபவம் அது. எந்தப் புகைப்படத்திலும் பதிவாகாது. ப்ளூடூத் போர்டிலும் வராது, ஏனென்றால் அதில் ரெண்டு கம்பியும் இல்லை, ஹைப்ரிட்டும் இல்லை.

அப்போ என்ன செய்யலாம்? இந்தியாவில் உரிமம் இல்லாமல் சேட்டிலைட் போன் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து இரிடியமோ துராயாவோ வாங்கிவிடாதீர்கள். அது இல்லாமலே செய்யலாம். உள்ளுறுப்பு கலையாத ரெண்டு ஐ.டி.ஐ. போன்கள், பல்ஸ் டயலைப் புரிந்துகொள்ளும் ரெண்டு அடாப்டர்கள், நடுவே ஆஸ்டரிஸ்க் ஓடும் ஒரு லினக்ஸ் கணினி. ‘நெட்எம்’ கொண்டு ஒவ்வொரு திசையிலும் 250 மில்லி நொடி தாமதம் கொடுங்கள். பிறகு அடாப்டரில் எதிரொலி நீக்கத்தை அணைத்துவிடுங்கள். அடாப்டருக்குள் இருக்கும் ஹைப்ரிட்டே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பழைய டிஷ்ஷைப் பக்கத்தில் நிறுத்துவது உங்கள் விருப்பம். ஆனால் அந்தக் காலத்து அழைப்பு எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டால், டிஷ்ஷைக் காட்டுவதற்கு முன்னால் ரிசீவரைக் கையில் கொடுங்கள்.