சாவிக்கு வாடகை!

சுப்பிரமணிய சிவா 1925இல் மறைந்த ஊர் என்றே பாப்பாரப்பட்டியை வெளியூரார் அறிவர். அவ்வட்டாரத்து உழவர்க்கோ அது வேளாண் அறிவியல் நிலையம் இருக்கும் ஊர். ஆய்வுக்கூடத்தில் பிறந்த அறிவு வயலுக்கு வந்து சேரும் வாயில்!

தருமபுரி வட்டார மரவள்ளியை அயல்நாட்டு மாவுப்பூச்சி அரித்தது. 2020இல் இந்தியாவில் முதலில் தென்பட்ட பூச்சி அது. அதன் பகையான ஒட்டுண்ணிக் குளவியைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 2021இல் ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து தருவித்தனர். 2022இல் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் பறக்கவிட்டனர். 1980களில் ஆப்பிரிக்க மரவள்ளியைக் காத்த அதே குளவி! அங்கே கண்டவர் ஊரறியச் சொல்லியிராவிட்டால் இங்கே எவர் அறிந்திருப்பார்?

அத்தகைய உயிரியல் ஆய்வுகளைத் தாங்கும் இதழ்களின் வாணிபத்தைப் பாருங்கள், தோழர்களே! ஆய்வுக்கு மக்கள் வரிப்பணம். எழுதியவர்க்கு இதழ் ஊதியம் தருவதில்லை. பிழை பார்த்துக் கொடுக்கும் அறிஞர்க்கும் இல்லை. அச்சிட்டவர் மட்டும் பூட்டுப் போட்டுப் படிக்கப் பணம் கேட்கிறார். "எல்லோருக்கும் திறந்து வை" என்றாலோ, எழுதியவரிடமே கை நீட்டுகிறார். 'நேச்சர்' இதழ் 2020 நவம்பரில் அறிவித்த தொகை, கட்டுரை ஒன்றுக்கு 9,500 யூரோ!

இந்நிலையில் ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தை ஏற்றது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரி மாணவனுக்கு இது நன்மையே, மறுக்கவில்லை. ஆனால் முதற்கட்டத்தில் தனியார் கல்லூரி மாணவன் வெளியே, உழவனும் வெளியே. பூட்டு உடையவில்லை, சாவிக்கு வாடகை கட்டியிருக்கிறோம், அவ்வளவே!

"மரவள்ளி நடுபவன் ஆங்கில ஆய்விதழா படிக்கப் போகிறான்?" என்று எள்ளுவோர் உண்டு. அவன் மகள் படிப்பாள். படித்ததைத் தமிழில் எழுதுவோர் வருவர். படிக்கக்கூடாது என்று தடுத்தவர்களும் இப்படித்தான் எள்ளினார்கள்.

வேறு வழி இல்லாமல் இல்லை. தம் நிதியில் நடந்த ஆய்வுக் கட்டுரைகளின் படியைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலேயே கொள்கை வகுத்தன. சென்னையின் சுப்பையா அருணாசலம் போன்றோர் பல்லாண்டு வாதாடிய வழி அது. ஆணை இருந்தது, கண்டிப்பு இல்லை.

2027 முடிவில் மூன்றாண்டுச் சந்தா தீர்கிறது. பதிப்பகங்கள் புதுவிலை சொல்லும். நம்மவர் எழுதிய கட்டுரைகளுக்கே நாம் மீண்டும் பேரம் பேசி நிற்போம்.