மோகனத்தில் விடியும் மலை

மலேசியாவின் கேமரன் மலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விடியற்காலையில் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி எட்வர்ட் கிரீக்கின் ‘மார்னிங் மூட்’ கேளுங்கள்! புல்லாங்குழலும் ஓபோவும் மாறி மாறி மெட்டை எடுக்க எடுக்க, பனி விலகிக் கொழுந்து மினுங்கும். அந்தத் தொடக்க மெட்டை ‘ப க ரி ஸ ரி க’ என்று தொடங்கி முழுவதும் பாடிப் பாருங்கள். நம் மோகனத்தின் ஐந்து சுரங்கள் அப்படியே இருக்கின்றன!

இப்சனின் ‘பியர் கிண்ட்’ நாடகம் 1876இல் மேடையேறியபோது ஒலித்த இசை இது. நாடகத்தில் அது மொராக்கோவின் விடியல். எனக்கோ முழுக்க முழுக்க எங்கள் மலையின் விடியல்.

இப்படியொரு இசையைத் தந்தவரின் வேரைத் தேடியபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. நார்வேயின் குரலாக உலகம் கொண்டாடும் கிரீக்கின் பூட்டனார் ஸ்காட்லாந்துக்காரர்! அபர்டீன்ஷயர் கடற்கரையில் உள்ள கெய்ர்ன்பல்க் பகுதியைச் சேர்ந்த அலெக்சாண்டர், பிழைப்புக்காகக் கடல் கடந்து பெர்கன் துறைமுகம் போனார். உலர்மீனும் சிங்கி இறாலும் ஏற்றுமதி செய்து, 1779இல் அந்த ஊர்க் குடிமகனானார். ஆனாலும் திருவிருந்துக்காகத் தாய்நாட்டுத் தேவாலயத்துக்குக் கப்பலேறிப் போய்வருவார் என்று சொல்வார்கள். அவர் மகன் ஜான். பேரன் இன்னொரு அலெக்சாண்டர், பெர்கனில் பிரிட்டிஷ் தூதரகப் பொறுப்பில் இருந்தவர். அவருக்கும் பியானோ ஆசிரியை கெசினாவுக்கும் 1843இல் பிறந்தவர்தான் எட்வர்ட். நான்காம் தலைமுறை!

இன்னொரு இன்பம் கேளுங்கள். பூட்டனாரின் நாட்டில் புத்தாண்டுக்குப் பாடும் ‘ஆல்ட் லாங் சைன்’ மெட்டும் மோகனச் சுரங்களில்தான் நடக்கிறது. ஸ்காட்லாந்து, நார்வே, தமிழ் மூன்றையும் ஐந்தே சுரங்களில் கேட்கிற சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடே இல்லை!

எங்கள் மலைக்கும் இப்படியொரு வேர்க்கதை உண்டு. 1885இல் வில்லியம் கேமரன் அளக்க வந்த மலை இது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பி வாழ்ந்தவர்கள் நம்மவர்கள். இன்று அவர்களின் பேரப் பிள்ளைகளும் கொள்ளுப் பேரர்களும் தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் வளர்கிறார்கள். “நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டால் இரண்டு ஊர் சொல்லத் தயங்குகிற பிள்ளைகளுக்கு நான் கிரீக்கின் கதையைத்தான் சொல்கிறேன். பூட்டனார் வந்தேறியவர் என்பதால் கிரீக்கின் நார்வே துளியும் குறையவில்லை. பிறந்த மண்ணின் நாட்டுப்பாடல்களை உயிராக நேசித்து, அந்த மண்ணுக்கே இசையானார் அவர். நம் பிள்ளைகள் கையிலும் வயலினைக் கொடுங்கள், கீபோர்டைக் கொடுங்கள். கேமரன் மலையின் விடியலை அவர்கள் எழுதட்டும்!