பாலாற்றுத் தண்ணீரும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் எஃகும்

இருபக்கமும் வாயுள்ள சவர பிளேடு என்பது சுமார் 43 மி.மீ. நீளம், 22 மி.மீ. அகலம், பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிமன் கொண்ட எஃகுத் தகடு. கையில் எடுத்தால் காகிதமாக வளையும். ரேசரின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்துக் கைப்பிடியைத் திருகினால், வளைந்த நிலையிலேயே விறைத்து நிற்கும். கிங் கேம்ப் ஜில்லெட் 1904 நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற அமைப்பின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது. அதுவரை கத்திக்கு வேண்டியிருந்த கனத்தை ரேசர் ஏற்றுக்கொண்டது. பிளேடுக்கு வாய் மட்டும் இருந்தால் போதும் என்றாயிற்று. நடுவிலுள்ள துளைகளின் வடிவம் பிற்பாடு மாறியது, அளவு பெரிதாக மாறவில்லை. தாத்தா வைத்திருந்த ரேசரில் இன்று பெட்டிக்கடையில் வாங்கும் பிளேடு பொருந்துவது அதனால்தான். நல்ல ரேசர் ஒன்று வாங்கினால் ஆயுளுக்கும் வரும். தேர்ந்தெடுக்கும் சுகமெல்லாம் பிளேடில்தான்.

இன்றைய பிளேடுகள் பெரும்பாலும் 13 சதவீத அளவுக்குக் குரோமியமும் 0.7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கரியும் கலந்த துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. எஃகு நாடாவை ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குகிறார்கள். பிறகு சாணைச் சக்கரங்கள் முதலில் கரடாகவும் அடுத்து நயமாகவும் தீட்டுகின்றன. கடைசித் தீட்டு தோலில். சுழலும் தோல் சக்கரங்கள் வாயில் ஒட்டியிருக்கும் பிசிறை நீக்கி அதை ஒரே கோட்டில் நிறுத்துகின்றன. ஏலகிரி அடிவாரத்தைச் சுற்றியுள்ள வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புக்காரர்களிடம் இதைச் சொன்னால் வியக்கமாட்டார்கள். குரோமியமும் தோலும் அவர்களுக்கு அன்றாடச் சரக்கு. ஆனால் குரோமியத்தில் பதனிட்ட ஷூ தோல் கத்தி தீட்டும் வாருக்குத் தோதுப்படாது, தொய்ந்துபோகும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் பழைய முறைத் தோலுக்குத்தான் அந்த விறைப்பு உண்டு. ஈ.ஐ. தோல் என்ற பெயரில் தமிழ்நாட்டின் புவிசார் குறியீட்டுப் பட்டியலில் இருப்பது அந்த வகைதான்.

தீட்டி முடித்த வாயின் மேல் குரோமியம், பிளாட்டினம் போன்ற உலோகங்களின் மெல்லிய பூச்சு ஏறும். அதற்கும் மேலே, ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் அதே டெஃப்லான் வகைப் பூச்சு. துருப்பிடிக்காத எஃகு பிளேடுகள் 1960களின் தொடக்கத்தில் பரவியபோது முகச் சவரத்தின் அனுபவமே மாறியதற்கு, எஃகுக்கு உள்ள பங்கு இந்த வழவழப்புக்கும் உண்டு. உறையில் ‘பிளாட்டினம்’, ‘டைட்டானியம்’ என்று மின்னும் எழுத்துகள் இந்த மேற்பூச்சைத்தான் குறிக்கின்றன. அவற்றைப் பார்த்து விலை கொடுக்கத் தேவையில்லை. தீட்டு சரியில்லாத வாயில் எந்த உலோகத்தைப் பூசியும் பயனில்லை.

கூர்மையும் வழவழப்பும் வெவ்வேறு குணங்கள். இதைப் பிரித்துணரப் பழகுவதே பிளேடு ரசனையின் முதல் பாடம், பெரும்பாலும் கடைசிப் பாடமும் கூட. கூர் போதாத பிளேடு முடியை வெட்டுவதற்கு முன் பிடித்து இழுக்கும்; மேலுதட்டிலும் மோவாயிலும் அந்த இழுப்பு உடனே தெரியும். கூர் இருந்து வழவழப்பு இல்லாத பிளேடு முடியை அனாயாசமாக எடுத்துவிடும். ஆனால் பத்து நிமிடம் கழித்துக் கழுத்தில் எரிச்சல் தொடங்கும். கன்னம் இரண்டையும் பொறுத்துக்கொள்ளும் என்பதால், கன்னத்தை வைத்து ஒரு பிளேடை மதிப்பிடுவது வீண். தாடையெலும்புக்குக் கீழே முடி பல திசைகளில் வளரும் கழுத்துப் பகுதிதான் உரைகல். ஜப்பானின் ஃபெதர் கூர்மைக்குப் பேர்போனது; கம்பி போன்ற தாடிக்கும் பழகிய கைக்கும் அது விருந்து. புதிதாக ரேசர் பிடிப்பவருக்கு அதையே முதலில் கொடுப்பது நல்லெண்ணமாக இருக்கலாம், நல்ல யோசனை அல்ல.

பிளேடைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஏலகிரி, ஆம்பூர் வட்டாரத்தில் இது மற்ற இடங்களைவிட அதிகம் பொருந்தும். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைத் தோல் கழிவு எவ்வளவு கெடுத்தது என்பது உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடிக்கற்களில் ஒன்று. பல ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கும், கடினமும் மிகுந்திருக்கும். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சவர சோப்புக்கு அந்த 200ஏ அதிகம். தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகின்றன. பிரஷ்ஷைச் சுழற்றச் சுழற்ற நுரை எழும்புவதுபோல் காட்டி, முகத்தில் ஏறியதும் வற்றிவிடும். வற்றிய நுரையில் எந்த பிளேடும் கரகரக்கும். பழி மட்டும் பிளேடின் மேல் விழும்.

பரிகாரம் எளிது. நுரை கட்ட ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அந்த ஒரு டம்ளரை ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்தோ கேனிலிருந்தோ எடுத்துக்கொண்டால் அதே பிளேடு வேறு பிளேடாக நடந்துகொள்ளும். ஏலகிரியில் மொட்டைமாடியில் பிடித்த மழைநீர் இன்னும் உத்தமம். மழைநீரில் கடினம் அறவே இல்லை, சோப்பு பாதி அளவே பிடிக்கும். ஆனால் மலைக்கு வேறொரு குறை உண்டு. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மார்கழிக் காலைத் தண்ணீர் முடியை லேசில் மெத்தென்றாக்காது. குளித்த கையோடு சவரம் செய்வதோ, வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் போட்டுக்கொள்வதோ அங்கே ஆடம்பரமாகாது. நனைந்து ஊறிய முடியை வெட்டக் காய்ந்த முடியைவிடக் குறைந்த விசையே வேண்டும்.

விசை குறைவது பிளேடுக்கும் நல்லது. எஃகு முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும் ஏன் மழுங்குகிறது என்பதை அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் நுண்ணோக்கியின் கீழ் படம்பிடித்துக் காட்டினார்கள். வாய் மெல்ல மெல்லத் தேய்ந்து உருண்டையாவதில்லை. முடி சாய்ந்து வளையும் கணத்தில், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடங்களில் துணுக்குத் துணுக்காகப் பெயர்ந்து வருகிறது. ஒரே பொட்டலத்து பிளேடுகளிலும் ஒன்று நான்கு சவரம் தாங்குவதும் மற்றொன்று இரண்டிலேயே கைவிடுவதும் இதனால் விளங்கும்.

சலூன்காரரின் தேர்வு வேறு கணக்கு. அடைப்பத்தில் சவரக்கத்தியும் தோல் வாரும் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போன காலத்தில் பிளேடுக்கே இடமில்லை. அந்தக் கத்தியை ஓரங்கட்டிய காரணங்களில் எய்ட்ஸ் பற்றிய அச்சம் முக்கியமானது. 1986இல் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது இந்தியாவிலேயே முதன்முதலாகத் தெரியவந்தது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில்தான். அடுத்து வந்த ஆண்டுகளில் ஆளுக்கொரு பிளேடு என்பது சலூன்களின் விதியாயிற்று, சரியாகச் சொன்னால் ஆளுக்குப் பாதி பிளேடு. உறைத்தாளைப் பிரிக்காமலே பிளேடை நீளவாக்கில் மடக்குவார். தாளுக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். ஒரு பாதியைப் பிடிகத்தியில் செருகி, மறுபாதியைத் தாளோடு அடுத்தவருக்கு எடுத்துவைப்பார். திருமலையில் மொட்டை போட வருவோருக்குச் சீட்டோடு பாதி பிளேடு தரும் வழக்கமும் இதே கணக்கில் பிறந்தது. பிடிகத்தியில் வாயை மறைக்கத் தட்டு கிடையாது, அது முழுதாக வெளியே நிற்கும். அதனால் அனுபவப்பட்ட கை அதிகக் கூரைத் தேடுவதில்லை. சுத்தமாக ஒடிவதும், ஒரே தடவையில் கன்னத்தைக் கீறாமல் வழிப்பதும் போதும்.

இந்தியக் கடைகளில் நெடுங்காலம் கோலோச்சியவை மல்ஹோத்ரா குடும்பத்து பிளேடுகள். கொல்கத்தாவின் ஹர்பன்ஸ்லால் மல்ஹோத்ரா அண்டு சன்ஸ் டோபாஸைக் கொடுத்தது; மும்பையின் வித்யுத் மெட்டாலிக்ஸ் சூப்பர்-மேக்ஸைக் கொடுத்தது. ஜில்லெட் 1984இல் இந்தியன் ஷேவிங் பிராடக்ட்ஸ் என்ற பெயரில் உள்ளே வந்து 7 ஓ’கிளாக்கைப் பரப்பியது. கூர்மையில் 7 ஓ’கிளாக் ஒரு படி மேல். டோபாஸ் சாதுவானது, நாள் தவறாமல் சவரம் செய்பவருக்கு அது தாராளமாகப் போதும், நான்கு நாள் தாடியில் திணறும். சூப்பர்-மேக்ஸ் இரண்டுக்கும் நடுவே. வெளிநாட்டு பிளேடுகளில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆலையில் பல ஆண்டுகள் தயாரான ஆஸ்ட்ராவும் ஜில்லெட் சில்வர் ப்ளூவும் கூர்மையையும் வழவழப்பையும் ஒருங்கே தந்தவை என்று பெயரெடுத்தவை. ஒரு எச்சரிக்கை உண்டு: ஒரே பெயர் வெவ்வேறு ஆலைகளிலிருந்து வந்தால் குணமும் மாறலாம். பெயரைப் பார்ப்பதோடு உறையில் தயாரான ஊரையும் பார்ப்பது நல்லது.

ரேசரும் பேசும். தட்டுக்கும் பிளேடுக்கும் இடையே இடைவெளி குறைந்த மென்மையான ரேசரில் கூரான பிளேடு பொருந்தும். வாயை அதிகம் நீட்டும் முரட்டு ரேசரில் சாதுவான பிளேடு. இரண்டும் முரடாக இருந்தால் படிகாரக் கட்டிக்கு வேலை வரும். அந்தப் படிகாரம் நல்ல நீதிபதி. சவரம் முடிந்து முகத்தைக் கழுவி அதைத் தேய்க்கும்போது எங்கே சுரீரென்கிறதோ அங்கே பிளேடோ கையோ தவறியிருக்கிறது.

ஒரு பிளேடை முதல் சவரத்தை வைத்து ஒதுக்கக்கூடாது. மேற்பூச்சு சற்று விலகியபின் இரண்டாம் முறை நன்றாகப் போகும் பிளேடுகள் உண்டு. சோப்பு, தண்ணீர், ரேசர் மூன்றையும் மாற்றாமல், ஒரு பொட்டலத்தின் ஐந்து பிளேடையும் தீர்த்துப் பார்த்தபின் சொல்லும் தீர்ப்புக்கே மதிப்பு. அதுவரை நூறு பிளேடு உள்ள அட்டையை வாங்கி வைப்பது அவசரம். சவரம் முடிந்ததும் பிளேடைத் துணியால் துடைப்பது பழக்கமாக இருந்தால் விட்டுவிடலாம், பூச்சும் வாயும் கெடும். ஓடும் நீரில் அலசி உதறினால் போதும். உப்புத் தண்ணீர் ஊர்களில் கடைசி அலசலுக்கும் அந்த டம்ளர் தண்ணீரின் மிச்சம் உதவும். இழுப்பு தெரிந்த அன்றே பிளேடை மாற்றிவிட வேண்டும். இன்னும் ஒரு நாள் என்று தள்ளுவது சிக்கனமே அல்ல.

தீர்ந்த பிளேடைக் குப்பையில் அப்படியே போட்டால் துப்புரவுப் பணியாளரின் கையைக் கிழிக்கும். பழைய பவுடர் டப்பாவின் மூடியில் பிளேடு நுழையும் அளவு கீறிவைத்தால் ஆண்டுக்கணக்கில் அதுவே கிடங்கு. நிறைந்ததும் கீறலை ஒட்டி அடைத்து, பழைய இரும்போடு காயலான் கடையில் சொல்லிக் கொடுக்கலாம். நூறு பிளேடு சேர்ந்தாலும் 60, 70 கிராம்தான், காசு பெயராது.